துளை சிறிது, புண் பெரிது: கொழும்பில் எண்டோமெட்ரியோசிஸ் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு

"மூண்டு சின்ன ஓட்டைதானே, ரெண்டு நாளில எழும்பிடுவாய்." லெப்ரஸ்கோப்பி, அதாவது துளைவழிச் சத்திரசிகிச்சை, என்று சொன்னவுடன் வீட்டில் கிடைக்கும் முதல் ஆறுதல் இதுதான். வெளியே பார்த்தால் பிழையில்லை. தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் இரண்டோ மூன்றோ, ஒவ்வொன்றும் 5 முதல் 10 மில்லிமீற்றர். ஆனால் உள்ளே, ஒட்டிக்கிடந்த சூலகத்தைப் பிரித்திருப்பார்கள், குடலை விலக்கியிருப்பார்கள், கர்ப்பப்பைக்குப் பின்னாலுள்ள சவ்வை உரித்து எடுத்திருப்பார்கள். சிலருக்கு இது ஒரு மணித்தியால வேலை, சிலருக்கு நாலைந்து மணித்தியாலம். இரண்டு பேருக்கும் வெளியே ஒட்டியிருப்பது அதே அளவு பிளாஸ்டர்தான். லீவு, பயணம், யாரைத் துணைக்கு வைப்பது, எப்போது வாளி தூக்குவது என்று எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் புண்ணைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

முதலில், இந்தச் சத்திரசிகிச்சை எதற்கு?

கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் கர்ப்பப்பைக்கு வெளியே, சூலகத்திலோ, குடலிலோ, சிறுநீர்ப்பையிலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சூலகத்தில் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியானால் அதைத்தான் சொக்லேட் சிஸ்ட் என்கிறார்கள். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதத்தினருக்கு, உலகம் முழுக்கச் சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. ஆகவே "எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லையே" என்ற பேச்சுக்குப் பெரிய பொருளில்லை. இருந்திருக்கும், வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் வயிற்றில் துளை போடும் வழக்கம் இப்போது குறைந்து வருகிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஸ்கானையும் எம்.ஆர்.ஐ.யையும் முன்னுக்கு வைக்கிறது, லெப்ரஸ்கோப்பி இல்லாமலே மருந்தைத் தொடங்கலாம் என்கிறது. ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்றாகாது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. எனவே டொக்டர் ஒப்பரேஷன் என்றால் நோக்கத்தைக் கேளுங்கள். வலிக்கா, பிள்ளைக்கா, சிஸ்ட் பெரிதாகிவிட்டதா, சிறுநீர்க்குழாய் அடைபடும் ஆபத்தா? பதிலைப் பொறுத்து ஒப்பரேஷனின் அளவே மாறும்.

"கலியாணம் கட்டினாச் சரி, ஒரு பிள்ளை பிறந்தாச் சரி" என்பது மருத்துவமில்லை. கர்ப்பம் இந்த நோயைத் தீர்ப்பதில்லை. கர்ப்பப்பையை எடுத்தாலும் வெளியே வளர்ந்தது தானாக மறைந்துவிடாது.

எங்கே செய்வது

கொழும்பில் அரச பக்கம் பொரளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, 1879 இல் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலை, தேசிய வைத்தியசாலை, களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்று பல இடங்களில் பெண்நோயியல் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். விலை வேறு விதமாக வரும்: கிளினிக்கில் விடிய முன் வரிசை, திகதிக்காகக் காத்திருப்பு, கிடைத்த திகதியும் அவசரக் கேஸ் வந்தால் தள்ளிப்போவது. சில பரிசோதனைகளையும் மருந்துகளையும் வெளியே எடுக்கச் சொல்வதும் நடக்கும். மருந்துக்கு அரசாங்க மருந்துக்கடையான ஒசுசலவை முதலில் பாருங்கள்.

தனியார் பக்கம் திகதி சீக்கிரம் கிடைக்கும். ஆனால் வாயால் சொல்லும் தொகையை நம்பாமல் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டணம், மயக்க மருந்து டொக்டரின் கட்டணம், தியேட்டர் நேரம், ஒருமுறை பாவித்து எறியும் கருவிகள், வெட்டி எடுத்த இழையத்தின் ஆய்வு, ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் என்ன, துளைவழி முடியாமல் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காப்புறுதி இருந்தால் ஒப்பந்தத்தில் மலட்டுத்தன்மைச் சிகிச்சை பற்றிய விலக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். "பிள்ளையில்லாததற்காக" என்று ஒரு வரி படிவத்தில் விழுந்தால் கோரிக்கை திரும்பி வரலாம். வலிக்கும் சிஸ்டுக்கும் செய்வதாயின் அதுவே எழுதப்பட வேண்டும்.

இடையில் ஒரு வழியும் உண்டு. அரச வைத்தியசாலையில் வேலை செய்யும் வி.ஓ.ஜி.மார் (பெண்நோயியல் நிபுணர்கள்) பலர் பின்னேரங்களில் தனியாரிடமும் பார்க்கிறார்கள். ஒருமுறை சனல் பண்ணி ஆறுதலாகக் கதைத்துவிட்டு, அவருடைய அரச கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டடத்தைவிட ஆளைப் பாருங்கள். குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ நோய் இறங்கியிருக்கலாம் என்று ஸ்கானில் சந்தேகம் இருந்தால், இந்த நோயை அடிக்கடி வெட்டியெடுக்கும் ஒருவரும், தேவைப்பட்டால் குடல் சத்திரசிகிச்சை நிபுணரும் சிறுநீரக நிபுணரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் ஏ.சி. அறையைவிட முக்கியம்.

டொக்டர் முன்னால் வாய் திறப்பது

நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். அம்மா ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம், சில வேளை மாமியாரும் இருக்க, டொக்டர் கேட்கும் கேள்விக்கு "ஓம், கொஞ்சம் வலிதான்" என்று முடித்துவிடுகிறோம். உடலுறவின்போது வலிக்கிறதா, மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது குத்துகிறதா, அந்த நாட்களில் மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் தெரிகிறதா, வலது தோள்மூட்டு மாதாமாதம் நோகிறதா என்பதெல்லாம் நோய் எங்கே இருக்கிறதென்று காட்டும் தடயங்கள். குடலில் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் தியேட்டரில் அதற்கான ஆள் இருப்பார். தெரியாவிட்டால் திறந்து பார்த்துவிட்டு மூடவேண்டி வரலாம். இரண்டு மாதமாவது வலிக் குறிப்பு எழுதுங்கள்: திகதி, எங்கே வலி, பத்துக்கு எத்தனை, என்ன குளிசை போட்டது, வேலைக்குப் போக முடிந்ததா. வாயால் சொல்லக் கூசுவதை அந்தத் தாளில் எழுதி நீட்டுங்கள். "ஒரு ரெண்டு நிமிசம் தனியக் கதைக்கலாமா, டொக்டர்?" என்று கேட்டால் எந்த நல்ல டொக்டரும் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்வார்.

கேட்க வேண்டிய கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுபவை:

நோயை வெட்டி எடுப்பீர்களா, மேலாகச் சுடுவீர்களா? ஆழமாக இறங்கிய நோய்க்கு மேலாகச் சுடுவது போதாது. சொக்லேட் சிஸ்டைத் துளைத்து வெறுமனே வடித்துவிட்டால் மீண்டும் நிரம்பும் வாய்ப்பு அதிகம், அதனால் பொதுவாகச் சுவரோடு உரித்து எடுக்கிறார்கள். அப்படி உரிக்கும்போது நல்ல சூலக இழையமும் கொஞ்சம் போய்விடும், முட்டை இருப்பு குறையலாம். பிள்ளை வேண்டும் என்றிருப்பவர்கள், அதுவும் இரண்டு பக்கமும் சிஸ்ட் உள்ளவர்களும் இரண்டாவது தடவை வெட்டப் போகிறவர்களும், முதலில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள்.

எதிர்பாராத இடத்தில் நோயைக் கண்டால் என்ன செய்வீர்கள்? அதே நேரத்தில் குடலை வெட்டுவீர்களா, மூடிவிட்டு இன்னொரு நாள் திட்டமிடுவீர்களா? தற்காலிகமாக வயிற்றுக்கு வெளியே மலப்பை வைக்கும் நிலை வருமா? சூலகத்தையோ பலோப்பியன் குழாயையோ என்னைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் என்றால் அதைச் சம்மதப் படிவத்தில் எழுதலாமா? எழுதலாம். படிவம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லையென்றால் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். அவசரப்படுத்துவார்கள், பரவாயில்லை.

திருமணமாகாத பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வி உண்டு. யோனிவழி ஸ்கானுக்குப் பதில் வயிற்றின் மேலாகவோ, ஆசனவாய் வழியாகவோ, எம்.ஆர்.ஐ. மூலமாகவோ பார்க்கலாம். தியேட்டரிலும் கர்ப்பப்பையை அசைக்க யோனிவழியாக ஒரு கருவி வைப்பது வழக்கம். உங்களுக்கு அது வைக்கப்படுமா, வேறு வழி உண்டா என்பதை மயக்கத்துக்கு முன்னரே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

முந்திய கிழமைகள்

இரத்தப்போக்கு அதிகமுள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்திருக்கும். அதை ஏற்றச் சில கிழமைகள் வேண்டும், ஆகவே திகதி கிடைத்த அன்றே பாருங்கள். இரும்புக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு போடக்கூடாது, தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட்டு, தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள். வழக்கமாக முழு இரத்தப் பரிசோதனை, இரத்த வகை, சீனி, சிறுநீரகச் செயற்பாடு, கர்ப்பப் பரிசோதனை கேட்பார்கள். வயதையும் நோயையும் பொறுத்து ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே.

போடும் எல்லா மருந்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அஸ்பிரின், இரத்தம் இளக்கும் வேறு மருந்து, கருத்தடைக் குளிசை, நீரிழிவுக் குளிசை எல்லாம் அதில் வரவேண்டும். நாட்டு வைத்தியரிடம் எடுக்கும் சூரணமும் கசாயமும் அப்படித்தான். "அது மருந்தில்லை, மூலிகைதானே" என்று மறைக்காதீர்கள், சில மூலிகைகள் இரத்தப்போக்கைக் கூட்டும். எதை எப்போது நிறுத்துவது என்று டொக்டர் சொல்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீசிங், மருந்து ஒவ்வாமை, முந்திய ஒப்பரேஷன்கள் பற்றி மயக்க மருந்து டொக்டரிடம் நேரே சொல்லுங்கள்.

நல்ல நாள் பார்ப்பவர்களுக்கு: சத்திரசிகிச்சை நிபுணரின் தியேட்டர் நாள் கிழமையில் இன்ன நாள் என்று இருக்கும். பஞ்சாங்கத்தை அதற்குள் பொருத்துவது உங்கள் சாமர்த்தியம். மாதவிடாய் வந்துவிட்டால் ஒப்பரேஷன் நிற்கும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் செய்யலாம், வாட்டுக்கு அறிவித்தால் போதும்.

தாலிக்கொடி, காப்பு, மூக்குத்தி எல்லாம் கழற்ற வேண்டும், தியேட்டரில் மின்சாரக் கருவி பாவிப்பார்கள். கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் வீட்டிலேயே சாமிப்படத்துக்கு முன்னால் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டு வருவது நல்லது. தியேட்டர் வாசலில் அழுதுகொண்டு கழற்றி, அதை யாரிடம் கொடுப்பது என்று தவிக்கத் தேவையில்லை. திருகு இறுகிய மூக்குத்தியை இரண்டு நாள் முன்பே பொற்கொல்லரிடம் காட்டுங்கள். நகப்பூச்சை அழியுங்கள், விரலில் மாட்டும் ஒக்சிஜன் கருவிக்கு அது இடைஞ்சல். நீளத் தலைமயிருள்ளவர்கள் இரட்டைப் பின்னல் போட்டால் மல்லாந்து படுக்க வசதி. அடிவயிற்று மயிரை முதல்நாள் வீட்டில் சவரம் செய்யாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி சேரும். தேவையென்றால் வைத்தியசாலையில் பார்த்துக்கொள்வார்கள். தொப்புளைச் சவர்க்காரத் தண்ணியால் வடிவாகச் சுத்தப்படுத்துங்கள், முக்கியத் துளை அங்கேதான்.

பையில் என்ன

முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த ஹவுஸ்கோட் அல்லது கவுண். தொப்புளுக்குக் கீழே இறுக்காத, ஒரு அளவு பெரிய உள்ளாடை. பாட். வழுக்காத செருப்பு. நீளமான சார்ஜர் வயர். குனியாமல் குடிக்க வளையும் ஸ்ட்ரோ. அரச வாட்டென்றால் படுக்கை விரிப்பு, குவளை, சவர்க்காரம், தண்ணிப் போத்தலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, ஸ்கான் படங்கள், இரத்த றிப்போட்டுகள் எல்லாம் ஒரே கோப்பில். கூடவே ஒரு சிறிய தலையணை: வீட்டுக்குப் போகும்போது சீற் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் இடையில் வைக்க, இருமும்போது வயிற்றோடு அணைத்துப் பிடிக்க. வாங்கியதிலேயே பெறுமதியான சாமான் அதுதான் என்று பலர் சொல்வார்கள்.

சிங்களம் தெரியாமல் வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வருபவர்கள் நாலைந்து சொல்லை மனதில் வைத்திருங்கள். ரிதெனவா என்றால் வலிக்கிறது, பட என்றால் வயிறு, உண என்றால் காய்ச்சல், லே யனவா என்றால் இரத்தம் போகிறது, வமனே என்றால் வாந்தி. இராத்திரி இரண்டு மணிக்குத் தாதியிடம் "மிஸ், பட ரிதெனவா" என்று சொல்லத் தெரிந்தால் வேலை நடக்கும். மருந்து ஒவ்வாமையை மட்டும் பேச்சில் விடாதீர்கள், ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் டிக்கட்டோடு (வாட்டிலுள்ள உங்கள் குறிப்போடு) சேர்த்துக் கொடுங்கள்.

அன்றைய நாள்

சாப்பாடு குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன், தெளிந்த தண்ணி 2 மணித்தியாலத்துக்கு முன் நிற்க வேண்டும் என்பது பொது விதி. வாட்டில் அதைவிட நீளமாகச் சொன்னால் அதைக் கேளுங்கள். பால் தேத்தண்ணி தண்ணிக் கணக்கில் சேராது, அது சாப்பாடு. விடிய எழும்பி ஒரு வாய் பால் தேத்தண்ணி குடித்ததற்காகப் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டவர்கள் உண்டு. குடலில் நோய் சந்தேகமென்றால் முதல்நாள் பேதி மருந்தோ இனிமாவோ தருவார்கள்.

உள்ளே வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் ஊதி, கமராவை விட்டுப் பார்ப்பார்கள். கண் விழிக்கும்போது தொண்டை கரகரக்கும், அது மூச்சுக்குழாய் வைத்ததால். சிறுநீருக்குக் குழாய் இருக்கலாம், வயிற்றின் ஓரத்தில் வடிகுழாய் ஒன்றும் இருக்கலாம். "நெஞ்சு குளிருது, நடுங்குது" என்றால் போர்வை கேளுங்கள். துணைக்கு நிற்பவர் ஒரு வேலையை மறக்கக்கூடாது: டொக்டர் தியேட்டரிலிருந்து வந்து சொல்வதை எழுதிக்கொள்வது. மயக்கத்தில் நீங்கள் கேட்பது ஒன்றும் நினைவில் நிற்காது.

முதல் மூன்று நாள்

எல்லோரும் வயிற்று வலிக்குத் தயாராகப் போவார்கள், வருவது தோள்மூட்டு வலி. உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்த, அதே நரம்பு வழியாகத் தோளில் வலி தெரியும். மாரடைப்போ என்று பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் அடங்கும். நடப்பதுதான் மருந்து. அன்று மாலையே கட்டிலோரம் இருந்து, ஒருவர் பிடிக்க எழும்பி, கழிவறைவரை போய் வாருங்கள். காலில் இரத்தக்கட்டி வராமல் இருக்கவும் இதுவே வழி. கட்டிலிலிருந்து நேரே எழும்பாதீர்கள். முழங்காலை மடக்கி, ஒரு பக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்புங்கள்.

குழாய் எடுத்தபின் ஆறேழு மணித்தியாலத்துக்குள் சிறுநீர் போகாவிட்டால் மிஸ்ஸிடம் சொல்லுங்கள். வலியைப் பொறுப்பது பெருமை என்று வளர்ந்துவிட்டோம், இங்கே அது வேண்டாம். வலியில் மூச்சை அடக்கினால் நெஞ்சில் சளி கட்டும், நடக்கவும் மாட்டீர்கள். பரசிற்றமோலை, நம் பாஷையில் பனடோலை, வலி வந்தபின் தேடாமல் நேரம் வைத்துப் போடுவது நல்லது. 500 மில்லிகிராம் குளிசையென்றால் ஒரு தடவைக்கு 2, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் வேண்டாம். ஈரல் நோயுள்ளவர்களும் எடை குறைந்தவர்களும் அதற்கும் குறைவாகப் போடவேண்டியிருக்கும், டொக்டரைக் கேளுங்கள். டைக்ளோபெனாக் தந்திருந்தால் வயிற்றுப்புண், வீசிங் உள்ளவர்கள் முதலில் சொல்லிவிடுங்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு

வீட்டுக்குப் போகும்போது கையில் நோயும் சிகிச்சையும் எழுதிய டயக்னோசிஸ் காட், மருந்துச் சீட்டு, அடுத்த கிளினிக் திகதி, வெட்டி எடுத்த இழையத்தின் ஆய்வு றிப்போட் எப்போது எங்கே எடுப்பது என்ற விபரம், இராத்திரியில் ஏதும் நடந்தால் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம். இவை இல்லாமல் வாட்டை விட்டு இறங்காதீர்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீடென்றாலும் ஓட்டோ வேண்டாம், கார் பிடியுங்கள். பள்ளத்தில் ஒருமுறை தூக்கிப்போட்டால் தெரியும். மாடிவீட்டில் லிஃப்ட் இல்லாவிட்டால் படி ஏறலாம், மெதுவாக, அன்றைக்கு ஒரே தடவை.

குந்தியிருக்கும் கழிவறைதான் வீட்டில் என்றால் முதல் இரண்டு கிழமைக்கு நடுவில் ஓட்டையுள்ள கதிரை ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், முக்கினால் உள்தையலுக்குக் கூடாது. பப்பாப்பழம், கீரை, நிறையத் தண்ணி, அதோடு டொக்டர் தந்த மலமிளக்கி. முதல் நாட்களில் கஞ்சி, இடியப்பமும் சொதியும், பருப்பு, அவித்த மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

இனிப் பத்தியம். அம்மாமாரின் சரக்குக்கறியோடும் உள்ளிக் கஞ்சியோடும் எனக்குச் சண்டையில்லை, வயிறு ஏற்றால் சாப்பிடுங்கள். ஆனால் கிரந்தி என்று சொல்லி மீன், முட்டை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்கு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. புண் ஆறப் புரதம் வேண்டும். முன்பு ஒவ்வாமை இருந்த சாப்பாட்டை மட்டும் தவிர்த்தால் போதும். துளையில் மஞ்சளோ எண்ணெயோ திருநீறோ பூசாதீர்கள்.

குளிப்பதற்கு டொக்டர் சொன்ன நாளிலிருந்து வாளித்தண்ணியை மேலால் ஊற்றலாம், வாளியை வேறு யாரும் தூக்கித் தரவேண்டும். பிறகு துளைகளை ஒற்றி உலர்த்துங்கள், தேய்க்காதீர்கள். கடலும் நீச்சல் தடாகமும் சில கிழமைக்கு வேண்டாம். தையல் கரையும் வகையா, மருந்து கட்டும்போது வெட்டும் வகையா என்று கேட்டு வையுங்கள். ஓரிரு கிழமைக்குச் சிறிய இரத்தக்கசிவு வரலாம், அதற்குப் பாட் மட்டும், உள்ளே வைக்கும் டம்பொன் வேண்டாம். அடுத்த மாதவிடாய் வழக்கத்தைவிடக் கடுமையாக வந்தால் "ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது" என்று ஒடிந்துபோகாதீர்கள், முதல் மாதம் அப்படி வருவது உண்டு.

நாலு முதல் ஆறு கிழமைவரை 5 கிலோவுக்கு மேல் தூக்காமல் இருப்பது பாதுகாப்பு. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால்: தண்ணி வாளி, அரிசிப் பை, காஸ் சிலிண்டர், கைக்குழந்தை. திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவுவதும், கிணற்றில் தண்ணி இழுப்பதும், நனைந்த துணியைப் பிழிவதும் இதில் சேரும். மூன்றாம் கிழமை நீங்கள் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்துச் சமையல் மெல்ல உங்கள் கைக்குத் திரும்பும். அதற்கு முன்பே கணவரிடமோ அண்ணாவிடமோ திகதி சொல்லி வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். உடலுறவுக்கு டொக்டர் சொல்லும் நாள்வரை பொறுக்க வேண்டும், யோனியில் தையல் இருந்தால் இன்னும் நீளும். இதைக் கணவரும் டொக்டரின் வாயால் கேட்பது நல்லது.

நெஸ்டமோல்ட்டும் திராட்சையும் கொண்டு பார்க்க வருகிறவர்கள் "கர்ப்பப்பை எடுத்தாச்சோ?" என்று கேட்பார்கள். விரும்பினால் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லுங்கள், உங்கள் வயிறு, உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் பொய் வீட்டு வாசலோடு நிற்கவேண்டும். இனிச் சந்திக்கும் எந்த டொக்டரிடமும் உண்மையான ஒப்பரேஷனைச் சொல்லுங்கள். மணப்பேச்சு நடக்கும் பிள்ளைகளின் கோப்பை அம்மா கிழித்தெறிய விடாதீர்கள்.

எப்போது ஓடவேண்டும்

துளைவழிச் சத்திரசிகிச்சையில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சமாவது இலேசாக இருக்கவேண்டும். மூன்றாம் நாள் இரண்டாம் நாளைவிட மோசமென்றால் அது வாயு என்று ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. குடலில் ஏற்பட்ட சிறு காயம் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். கூடிக்கொண்டே போகும் வலி, ஊதி இறுகிய வயிறு, நிற்காத வாந்தி, 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் போகாமை, யோனிவழியாகத் தண்ணிபோல் ஒழுகுவது, ஒரு மணித்தியாலத்தில் பாட் நனையும் இரத்தம், நாற்றமுள்ள வெள்ளை, துளையில் சீழ், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். வாகனம் இல்லையென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணமில்லை. டயக்னோசிஸ் காட்டையும் கையோடு எடுங்கள்.

கொழும்புக்கென்று ஒன்று: மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அது டெங்குவாகவும் இருக்கலாம். ஒப்பரேஷன் வலிக்குத் தந்த டைக்ளோபெனாக், இபுபுரூபன் இரண்டும் டெங்குவில் இரத்தப்போக்கைத் தூண்டும். காய்ச்சல் தொடங்கியதும் அவற்றை நிறுத்தி, பரசிற்றமோலோடு மட்டும் நின்று, டொக்டரைப் பார்த்து இரத்தம் சோதியுங்கள். படுக்கும்போது வலை கட்டுங்கள்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள்

யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீற்றர். முதல் மறுபார்வை முடியும்வரை கொழும்பிலேயே உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குவதுதான் புத்தி. திரும்பும்போது இரவு பஸ்ஸைவிட ரயில் மேல், எழும்பி நடக்கலாம், கழிவறை உண்டு. மணிக்கொருமுறை நடந்து, தண்ணி குடித்துக்கொண்டு போங்கள். உள்ளூர் வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள்.

வேலை

சிறிய ஒப்பரேஷனென்றால் கதிரை வேலைக்கு ஒன்றிரண்டு கிழமையில் திரும்புகிறார்கள். ஆழமான நோயை வெட்டியவர்களுக்கும் குடலில் கைவைத்தவர்களுக்கும் நாலு முதல் ஆறு கிழமை ஆகும். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வேலை செய்பவர்களுக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. ஒப்பரேஷன் வருடத்தில் அதைக் கலியாண வீடுகளுக்கு முடித்துவிடாதீர்கள். மெடிக்கல் சான்றிதழில் "பெண்நோயியல் சத்திரசிகிச்சை" என்று மட்டும் எழுதச் சொல்லிக் கேட்கலாம். வாகனம் ஓட்டுவது, திடீர் பிரேக்கை வலியில்லாமல் அமுக்க முடிந்த பிறகு.

அதற்குப் பிறகு

வெட்டி எடுத்தாலும் இந்த நோய் திரும்பி வரலாம். உடனே பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கு ஹோர்மோன் சிகிச்சை தருவது அதனால்தான்: டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் தினமும் ஒன்று, அல்லது கருத்தடைக் குளிசை, அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் வளையம். மாதவிடாய் வலி திரும்புவதைத் தடுக்க வளையத்தையோ கருத்தடைக் குளிசையையோ குறைந்தது 18 முதல் 24 மாதம் தொடரும்படி அந்த 2022 வழிகாட்டி சொல்கிறது. திருமணமாகாத மகளுக்குக் கருத்தடைக் குளிசையா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். இங்கே அது நோய்க்கான மருந்து, அப்படியே சொல்லுங்கள். டயனோஜெஸ்டில் முதல் மாதங்களில் ஒழுங்கில்லாத கசிவு வரும், மனம் சோர்வதும் உண்டு. தாங்க முடியாவிட்டால் நிறுத்த முன் டொக்டரோடு கதையுங்கள். பிள்ளைக்கு முயற்சி செய்பவர்கள் எப்போது தொடங்கலாம், எத்தனை மாதம் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போவது என்று முதல் மறுபார்வையிலேயே கேளுங்கள்.

நோயை எடுத்த பிறகும் சிலருக்கு வலி கொஞ்சம் மிஞ்சும். வருடக்கணக்காக வலிக்கு இறுகிப்போன இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்த உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் உதவுவார், கிளினிக்கில் கடிதம் கேளுங்கள். காரணம் தெரியாத அழுகை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

ஆய்வு றிப்போட் வந்ததும் டயக்னோசிஸ் காட்டோடும் ஒப்பரேஷன் குறிப்போடும் மூன்று பிரதி எடுங்கள், தொலைபேசியில் படமும் பிடித்து வையுங்கள். தியேட்டரில் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் கேளுங்கள். அடுத்த டொக்டர் முதலில் கேட்கப்போவது இந்தக் கோப்பைத்தான்.